சேற்றுக்கு ஒரு ரயர், பனிக்கு ஒரு ரயர்: பிக்கப் ஓட்டும் எம்மவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

புலம்பெயர்ந்து வந்த தொடக்கத்தில் எங்களுக்கு வாகனம் என்றால் வேலைக்கும் தமிழ்க்கடைக்கும் போய்வர ஒரு பழைய கார்தான். இன்று அப்படியில்லை. கட்டட வேலை, கூரை வேலை, தோட்ட வேலை, தூர இடங்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை என்று எம்மவர்கள் பலர் பிக்கப் ட்ரக் ஓட்டுகிறார்கள். நகரத்துக்கு வெளியே காணி வாங்கிக் கத்தரி, மிளகாய், பூசணி என்று பயிர்செய்யும் குடும்பங்களும் இருக்கின்றன. பிள்ளைகளோ கோடையில் காட்டுப்பக்கம் போய்க் கூடாரம் அடிக்க உயரமான வாகனம்தான் வேண்டும் என்கிறார்கள்.

ட்ரக் வாங்குவதற்குப் பத்து இடம் ஏறி இறங்கி விலை கேட்கும் நாம், அதற்கு ரயர் வாங்கும்போது மட்டும் கடைக்காரர் காட்டுவதைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதற்குக் கொடுக்க இருந்த விலை பெரியது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு வடக்கே, நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு காணி வாங்கினோம். பிரதான வீதியிலிருந்து காணிக்குப் போக ஒரு கிரவல் வீதி, அதன் பிறகு வெறும் மண்பாதை. முதல் ஏப்ரலில் விதைப்புக்கு முன் உரம் ஏற்றிப் போன பிக்கப், மண்பாதையில் அச்சுவரை புதைந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுத்து எடுத்தார். அடுத்த கிழமையே நாங்கள் நகரத்தில் ஒரு ரயர்க் கடைக்குப் போய், இருப்பதிலேயே முரட்டுத்தனமான சேற்று ரயர் நான்கைப் போட்டோம். ‘‘பனிக்கும் இது காணுமா?’’ என்று கேட்டோம். ‘‘பக்கத்தில் சேறு, பனி இரண்டும் போட்டிருக்கிறது, பிரச்சினை இல்லை’’ என்றார்கள்.

சேற்றில் அந்த ரயர்கள் ஏமாற்றவில்லை. ஆனால் டிசம்பரில் ஒரு காலை, 115ஆம் இலக்க நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறைபனி. முன்னால் போன கார் வேகம் குறைக்க, நாங்களும் மெதுவாகத்தான் பிறேக் அழுத்தினோம். வாகனம் நிற்கவில்லை. ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஓரத்துப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றது. பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். கீறல் கூட இல்லாமல் தப்பினார்கள். எதிர்ப்பக்கம் லொறி ஏதும் வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத மனம் வந்திருக்காது.

அன்று பின்னேரம் பெரியப்பா வந்து ரயரைக் குனிந்து பார்த்தார். வன்னியில் முப்பது வருடம் வயல் செய்தவர். ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: ‘‘தம்பி, வயலுக்குப் பூட்டின இரும்புச் சில்லோடையே றோட்டில ஏறினனீங்கள்?’’

இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

வயல் சொல்லித் தந்த பாடம்

வன்னியிலோ மட்டக்களப்பிலோ மாரி காலத்தில் வயலைப் பார்த்தவர்களுக்கு உழவு இயந்திரத்தின் பின் சில்லு நினைவிருக்கும். ஆழமான இறப்பர்க் கட்டைகள், சரிவாக இரண்டு பக்கமும் ஓடி அம்புத் தலைபோல நடுவில் நெருங்கும். கட்டைகளுக்கு நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி. முன் சில்லுகளில் அந்தக் கட்டை இருக்காது, சுற்றிவர ஓடும் வரிகள் மட்டும்தான். பின் சில்லின் வேலை தள்ளுவது, முன் சில்லின் வேலை திருப்புவது. வேலைக்கு ஏற்றபடிதான் ரயரின் முகம் இருக்கும். தண்ணீர் நின்று தொளியாகிவிட்ட வயலில் இறப்பரும் போதாது. அப்போது இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டுவார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுத்தான் தார் வீதியில் ஏறுவார்கள்.

பிக்கப் ரயருக்கும் இதே கணக்குத்தான். சேறு என்பது தண்ணீரோடு குழைந்து பலமிழந்த மண். அதன் மேல் வழுவழுப்பான ரயர் சுழன்றால், மண் ரயரின் பள்ளங்களுக்குள் அடைந்து, ரயரே ஒரு வழுக்கும் உருளையாகிவிடும். அதன்பிறகு எத்தனை குதிரைவலு இருந்தாலும் பயனில்லை. சேற்று ரயரில் கட்டைகள் பெரிதாகவும் பள்ளங்கள் அகலமாகவும் இருப்பதற்குக் காரணம், கட்டை மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கவேண்டும், சில்லு சுழலும்போது உள்ளே அடைந்த சேறு வெளியே வீசப்படவும் வேண்டும். தன்னைத் தானே துப்புரவாக்கும் இந்தக் குணம்தான் சேற்று ரயரின் முதல் தகுதி. கடையில் ரயரைப் பார்க்கும்போது கட்டையின் உயரத்தை மட்டும் பார்க்காமல், இடைவெளி வாய்ப்பக்கம் விரிந்து இருக்கிறதா என்று பாருங்கள். விரிந்திருந்தால் சேறு கழன்று விழும். குறுகியிருந்தால் களிமண் உள்ளேயே இறுகிவிடும். சில ரயர்களில் பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். கல் சிக்கி ரயரைத் துளைக்காமல் வெளியே தள்ளுவதற்காக அவற்றை வைக்கிறார்கள்.

சேறு என்றாலும் எல்லாச் சேறும் ஒன்றல்ல. ஒன்ராறியோவின் கிரவல் வீதிகள் வசந்தத்தில் இளகுவதற்குக் காரணம், உறைந்த நிலம் மேலிருந்து கீழாக உருகுவதுதான். மேல்மண் உருகிவிடும். அடியில் இன்னும் உறைந்திருக்கும் படை தண்ணீரை வடியவிடாது. எனவே மேல்மண் கஞ்சிபோலாகிவிடும். இக்காலத்தில் பல வீதிகளில் பாரவூர்திகளின் சுமையைக் குறைக்கச் சொல்லும் அறிவித்தல் பலகைகளைக் காணலாம். மனிற்றோபா, சஸ்காச்சுவான் சமவெளிகளில் உள்ள களிமண், ஈரமானால் பசைபோல் ஒட்டிச் சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே அடைந்துவிடும். வடக்கே உள்ள சதுப்பு நிலமோ எந்த ரயருக்கும் அடங்காது. குளிர்காலத்தில் உறைந்தால்தான் அதன்மேல் போகலாம். நீங்கள் போகும் இடத்து மண் எது என்று தெரியாமல் ரயர் தெரிவுசெய்ய முடியாது.

நான்கு வகை ரயர்கள்

பிக்கப்புக்கு விற்கப்படும் ரயர்களைப் பொதுவாக நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது நெடுஞ்சாலை ரயர். கட்டைகள் சிறியவை, நெருக்கமானவை. சத்தம் குறைவு, எரிபொருள் குறைவு, தார் வீதியில் நல்ல பிடி, நீண்டநாள் உழைக்கும். புதிய வாகனங்கள் பலவற்றில் வருவது இதுதான். உலர்ந்த கிரவல் வீதிக்கு இது போதும். சேற்றில் சில நிமிடங்களிலேயே பள்ளங்கள் அடைந்துவிடும்.

இரண்டாவது எல்லாத் தரைக்குமான ரயர். கடைகளில் ஏ.ரி. என்பார்கள். கட்டைகள் சற்றுப் பெரியவை. இடைவெளியும் கூட. கட்டைகளின் மேல் மெல்லிய கீறல்களும் இருக்கும். கிரவல், புல், மணல், கொஞ்சம் சேறு, தார் வீதி எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும். எதிலும் முதலிடம் வராது, எதிலும் முற்றாகக் கைவிடவும் மாட்டாது.

மூன்றாவது சேற்று ரயர், அதாவது எம்.ரி. மிகப் பெரிய கட்டைகள், மிக அகலமான பள்ளங்கள். பக்கச்சுவரிலும் கட்டைகள் ஏறியிருக்கும். ஆழமான தடத்துக்குள் சில்லு இறங்கினால் அந்தப் பக்கக் கட்டைகளும் மண்ணைப் பிடிக்கும். பல எம்.ரி. ரயர்களின் பக்கச்சுவர் தடித்தது. கூரான கல்லும் வெட்டிய மரக்குற்றியும் எளிதில் கிழிக்காது. ஆனால் தார் வீதியில் இரைச்சல் அதிகம், எரிபொருள் அதிகம், தேய்வும் வேகம். ஈரமான தார் வீதியில் பிறேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும்.

நான்காவது, இவ்விரண்டுக்கும் நடுவில் அண்மைக்காலத்தில் வந்திருக்கும் ஆர்.ரி. வகை. ஏ.ரி.யைவிட முரடு, எம்.ரி.யைவிட மென்மை. கிழமைக்கு இரண்டு மூன்று தடவை மண்பாதை, மீதி நாள் நெடுஞ்சாலை என்று ஓடுபவர்கள் இதைப் பார்க்கலாம்.

பனியில் சேற்று ரயர் ஏன் கைவிடுகிறது

எங்களுக்கு நடந்தது ஏன் என்று பிறகுதான் விளங்கிக்கொண்டோம். உறைபனியில் கட்டை உள்ளே இறங்கிப் பிடிக்க முடியாது. தரை கல்லுப்போல இருக்கும். அங்கே பிடிமானம் இரண்டு விடயங்களில்தான் தங்கியிருக்கிறது. ஒன்று, இறப்பர் குளிரிலும் இளகி இருக்கவேண்டும். மற்றது, தரையில் படும் இறப்பரின் பரப்பும், அதில் உள்ள மெல்லிய கீறல்களும். அந்தக் கீறல்களின் விளிம்புகள்தான் பனியைச் சுரண்டிப் பிடிப்பவை, உருகிய நீர்ப்படலத்தை விலக்குபவை.

எம்.ரி. ரயரில் பாதிக்கு அருகில் வெறும் பள்ளம். எனவே தரையில் படும் இறப்பர் குறைவு. கட்டைகள் உடையாமல் இருக்கவேண்டும் என்பதால் கீறல்களும் குறைவு. இறப்பரும் கல்லில் வெட்டுப்படாமல் இருப்பதற்காகக் கடினமாகச் செய்யப்பட்டது. வெப்பநிலை சுமார் 7 பாகைக்குக் கீழே போகும்போதே சாதாரண இறப்பர் இறுகத் தொடங்கும். கழிய 15இல் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேற்றில் பலமாக இருந்த ஒவ்வொரு குணமும் உறைபனியில் பலவீனமாகிறது.

இங்கேதான் குறிகளின் குழப்பம் வருகிறது. பெரும்பாலான ஏ.ரி., எம்.ரி. ரயர்களில் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. ஆனால் இந்த எழுத்துகளைப் பொறிக்க எந்தப் பனிப் பரிசோதனையும் தேவையில்லை. பள்ளங்களின் அமைப்பும் அளவும் குறித்த கணக்குக்குள் வந்தால் போதும். கடையில் எங்களுக்குக் காட்டியது இந்த எழுத்துகளைத்தான்.

நாம் தேடவேண்டியது வேறொரு அடையாளம். மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. பனித்தரையில் பரிசோதித்துக் குறித்த அளவு இழுவை காட்டிய ரயருக்குத்தான் இந்த அடையாளம் கிடைக்கும். சில ஏ.ரி. ரயர்களில் இது உண்டு. எம்.ரி. ரயர்களில் மிக அரிது. இதிலும் ஒரு கவனம் வேண்டும். வட அமெரிக்காவில் அந்தப் பரிசோதனை, இறுகிய பனியில் வாகனம் முன்னோக்கி இழுபடும் திறனைத்தான் அளக்கிறது. உறைந்த கண்ணாடிப் பனியில் நிற்கும் திறனை அளப்பதில்லை. ஆகவே மலை அடையாளம் உள்ள ஏ.ரி. ரயரும் உண்மையான குளிர்கால ரயருக்கு ஈடாகாது.

சட்டமும் இந்த அடையாளத்தைத்தான் பார்க்கிறது. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கு பதிவான கார், பிக்கப் போன்றவற்றுக்கு மலை அடையாளம் உள்ள குளிர்கால ரயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒக்ரோபர் 1 முதல், அறிவித்தல் பலகை உள்ள வீதிகளில், குளிர்கால ரயர் வேண்டும். அங்கே எம், எஸ் எழுத்துள்ள ரயரையும் ஏற்கிறார்கள். ஆனால் பள்ளம் 3.5 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் குளிர்கால ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனங்கள் 2016 முதல் கழிவு தரவேண்டும். கேட்டால்தான் பல சமயம் கிடைக்கும். ஜேர்மனியில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது, 2024 ஒக்ரோபர் முதல் அங்கே எம், எஸ் எழுத்து மட்டும் போதாது. பனிக்கால வீதியில் மலை அடையாளம் இருக்கவே வேண்டும். நோர்வேயில் குளிர்காலத்தில் சிறிய வாகனங்களின் ரயர்ப் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். சட்டம் என்ன சொன்னாலும், பனி வீதியில் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்த ரயரோடு போகாமல் இருப்பதே புத்தி.

பக்கச்சுவரை வாசிக்கப் பழகுவோம்

ரயரின் பக்கத்தில் உள்ள எழுத்தும் இலக்கமும் பார்க்கச் சிக்கலாக இருந்தாலும், பத்து நிமிடத்தில் விளங்கிக்கொள்ளலாம். ஓர் உதாரணம்: எல்.ரி. 265/70 ஆர் 17, 121/118 எஸ்.

எல்.ரி. என்றால் இலகு ட்ரக்குக்கான ரயர். இதற்குப் பதிலாக பி என்று தொடங்கினாலோ எழுத்தே இல்லாவிட்டாலோ அது கார் வகை ரயர். 265 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தின் 70 வீதம். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றை வைத்துக் கணக்குப் பார்த்தால் முழு ரயரின் உயரம் ஏறத்தாழ 803 மில்லிமீற்றர், அதாவது 31.6 அங்குலம்.

அடுத்து 121 என்பது சுமை இலக்கம். அது 1,450 கிலோவைக் குறிக்கிறது. 118 என்பது 1,320 கிலோ. பின்னால் இரட்டைச் சில்லு பூட்டும் வாகனங்களுக்கு அந்த இரண்டாவது இலக்கம். கடைசி எழுத்தான எஸ், மணிக்கு 180 கிலோமீற்றர் வேக எல்லை. எம்.ரி. ரயர்களில் பெரும்பாலும் கியூ என்று இருக்கும். அது 160 கிலோமீற்றர்.

எல்.ரி. ரயர்களில் சி, டி, ஈ என்று இன்னொரு எழுத்தும் இருக்கும். சுவரின் பலத்தைக் காட்டும் வகுப்பு அது. சி ஆறு படைப் பலம், டி எட்டு, ஈ பத்து. உரமோ சீமெந்தோ கல்லோ ஏற்றுபவர்களும், பின்னால் ட்ரெயிலர் கொழுவுபவர்களும் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஈ வேண்டும் என்பதில்லை. வெறும் பெட்டியோடு ஓடும் சிறிய பிக்கப்புக்கு ஈ போட்டால் ஒவ்வொரு குழியும் முதுகில் விழும், பிறேக்குக்கும் பாரம் கூடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கார் வகை ரயரைக் கழற்றிவிட்டு எல்.ரி. ரயர் போட்டால், பழைய காற்று அளவு இதற்குச் சரிவராது. அதே சுமையைத் தாங்க எல்.ரி. ரயருக்குக் கூடிய காற்று தேவை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் உள்ள அளவு, வாகனத்தோடு வந்த ரயருக்கானது. மாற்றிய ரயருக்கு எவ்வளவு என்று ரயர்க் கடையில் அட்டவணையைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாவித்த ரயர் வாங்குபவர்கள் உற்பத்தித் திகதியையும் பார்க்கவேண்டும். டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் அதைச் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. கட்டை எவ்வளவு உயரமாக இருந்தாலும், பத்து வருடம் தாண்டிய ரயரைத் தொடவேண்டாம். பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் வயது குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெரிய ரயர் ஆசை

எங்கள் பிள்ளைகளுக்கு இதில்தான் ஆசை. ‘‘அப்பா, இன்னும் பெரிசாப் போடுவம்’’ என்பார்கள். கணக்கை அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன 265/70க்குப் பதிலாக 285/70 போட்டால் ரயரின் உயரம் 28 மில்லிமீற்றர் கூடும். ஆனால் வாகனத்தின் அடிப்பாகம் உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீற்றர்தான். வேகமானி 100 என்று காட்டும்போது உண்மையில் 103க்கு மேல் ஓடிக்கொண்டிருப்போம். சில்லைத் திருப்பும்போது மட்காட்டில் உரசலாம். இயந்திரத்துக்கும் பிறேக்குக்கும் வேலை கூடும். வாகனத்தை உயர்த்தி மாற்றம் செய்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டில் சிக்கல் வரலாம்.

அகலமும் அப்படித்தான். அகலமான ரயர் எப்போதும் நல்லது என்ற எண்ணம் பிழை. சேறு மெல்லியதாக, அடியில் உறுதியான தரை இருந்தால், ஒடுங்கிய ரயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும். அடியே தெரியாத ஆழச் சேற்றிலும் மணலிலும்தான் அகல ரயர் மிதந்து போக உதவும். எங்கள் காணிப் பாதையில் கால் அடிச் சேற்றுக்குக் கீழே கல்லுத்தரை. அங்கே அகல ரயருக்கு நாங்கள் கொடுத்த காசு வீண்.

நான்கு ரயரும் ஒரே அளவு, ஒரே வகை என்பதும் மறக்கக்கூடாதது. பின்னுக்கு மட்டும் சேற்று ரயர் என்று கலந்து போட்டால், நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் பற்சில்லுப் பெட்டி பழுதாகும். வளைவில் வாகனத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும்.

காற்றும் ஒரு கருவிதான்

புதிய ரயர் வாங்கக் காசில்லாதவர்களுக்கும் கையில் உள்ள வழி இது. சேற்றிலோ மணலிலோ இறங்கமுன் காற்றைக் குறைத்தால், ரயர் தரையில் படும் பகுதி நீளும். சுமை பரந்து, சில்லு புதைவது குறையும். நெடுஞ்சாலையில் 40 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர், பாரம் இல்லாதபோது மென்மையான மண்பாதைக்கு 20 முதல் 25 வரை குறைக்கலாம். 15க்குக் கீழே போனால் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. குறைத்த காற்றோடு மெதுவாக மட்டும் ஓடவேண்டும். சடுதியாகத் திருப்பக் கூடாது.

தார் வீதியில் ஏறமுன் திரும்பக் காற்று அடிப்பது கட்டாயம். காற்றுக் குறைந்த ரயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றடிக்கும் சிறு கருவி ஒன்றும் அழுத்தமானி ஒன்றும் இல்லாமல் காற்றைக் குறைக்கவே வேண்டாம். குளிரிலும் அழுத்தம் தானாகக் குறையும். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும். ஒக்ரோபரில் அடித்த காற்று ஜனவரிக்குப் போதாது.

புதைந்துவிட்டால்

சில்லு சுழலத் தொடங்கினால் காலை எடுங்கள். மேலும் அழுத்தினால் சில்லு தனக்குத்தானே கிடங்கு வெட்டும். நாலு சில்லு இழுவையைச் சேற்றுக்குள் இறங்கமுன்னரே போடுங்கள். உலர்ந்த தார் வீதியில் ஏறியதும் அதை எடுத்துவிடுங்கள். புதைந்தபின் சில்லுக்கு முன்னும் பின்னும் மண்ணை மண்வெட்டியால் வெட்டி விலக்கி, காற்றைக் குறைத்து, பலகையோ இழுவைத் தட்டோ வைத்து மெதுவாக எடுத்துப் பாருங்கள்.

வேறு வாகனத்தால் இழுக்கும்போது ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யவேண்டாம். ட்ரெயிலர் கொழுவும் உருண்டையில் பட்டியைக் கொழுவி இழுக்காதீர்கள். அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. முறிந்தால் சன்னம் போலப் பறந்து வரும். இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. சட்டத்தோடு பொருத்தப்பட்ட இழுவைக் கொழுக்கியில் மட்டும் மாட்டுங்கள். பட்டியின் நீளத்தைவிடத் தூரமாகப் பிள்ளைகளை நிறுத்துங்கள். உதவிக்குக் காத்திருக்கும்போது இயந்திரத்தை ஓடவிட்டுச் சூட்டுக்காக உள்ளே இருந்தால், புகைக்குழாய் சேற்றாலோ பனியாலோ அடைபட்டிருக்கிறதா என்று முதலில் இறங்கிப் பாருங்கள். அடைபட்டால் நச்சுவாயு உள்ளே வரும். அதற்கு மணம் இல்லை.

சில நாளில் திரும்பிப் போவதுதான் சரியான முடிவு. உருகும் காலத்தில் மண்பாதையில் ஆழத் தடம் போட்டால், அது கோடை முழுவதும் பக்கத்துக் காணிக்காரரின் தலையிலும் விழும். அவுஸ்திரேலியாவில் மழைக்கு மூடிய மண்வீதியில் ஓட்டினால் தண்டப்பணமே உண்டு.

யாருக்கு எது?

ஆண்டில் நாலைந்து தடவை கிரவல் வீதியில் போய்க் கூடாரம் அடிப்பவருக்கு மலை அடையாளம் உள்ள ஏ.ரி. போதும். நகர வேலையும் வார இறுதியில் தோட்டமும் உள்ளவருக்குக் கோடைக்கு ஏ.ரி. அல்லது ஆர்.ரி., குளிருக்குத் தனிக் குளிர்கால ரயர். நாளாந்தம் சேற்றிலேயே வேலை செய்பவருக்கு, காட்டு வேலை, கட்டடத் தளம் போன்றவற்றுக்கு, எம்.ரி. பொருத்தமானது. ஆனால் பனி விழமுன் அதைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு சோடி ரயர் என்றால் செலவு இரட்டிப்பு என்று நினைக்காதீர்கள். ஒன்று ஓடும்போது மற்றது தேயாது. தனி றிம்மில் பூட்டி வைத்தால் மாற்றுக் கூலியும் குறையும்.

நாங்கள் கடைசியில் என்ன செய்தோம்? எம்.ரி. ரயர் நான்கையும் விற்றோம். நட்டம்தான். கோடைக்கு ஒடுங்கிய அளவில் ஏ.ரி., நவம்பர் முதல் குளிர்கால ரயர். காணிப் பாதையில் மோசமான இரண்டு இடத்துக்கு நாலு குடும்பமும் காசு போட்டுக் கல் கொட்டினோம். சேற்றுக்கு ஏற்ற ரயரைத் தேடியதைவிட, சேற்றைக் குறைத்தது மலிவாக முடிந்தது.

நவம்பர் முதல் கிழமையில் ரயர் மாற்றும்போது பெரியப்பா இப்போதும் வந்து நிற்பார். ஒவ்வொரு சில்லாகக் குனிந்து அந்தச் சின்ன மலை அடையாளத்தைத் தடவிப் பார்ப்பார். ‘‘இப்ப றோட்டில ஏறலாம்’’ என்ற பிறகுதான் பிள்ளைகளை வாகனத்தில் ஏற்றுவோம். உங்கள் வீட்டிலும் இந்தக் குளிருக்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.